எத்தனை பர்சன்ட் என்று மட்டும் கேட்காதீர்கள்

அவைத் தலைவர் அவர்களே, சங்கத்தின் மூத்த தோழர்களே, சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் தவழ்ந்தும் இந்த மண்டபம் வரை வந்து சேர்ந்திருக்கும் என் சொந்தங்களே, வளர்ந்த பிள்ளைகளை இன்னும் தோளில் சுமந்துகொண்டிருக்கும் தாய்மார்களே, என் பேச்சைத் தன் கைகளால் சொல்லிக்கொண்டிருக்கும் சைகைமொழிச் சகோதரி அவர்களே, அந்தக் கைகளைக் கண்களால் கேட்டுக்கொண்டிருக்கும் தோழர்களே!

ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்போம். "பிள்ளைங்க என்ன படிக்குது?" என்று கேட்போம். நாம் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தால் நம்மிடம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "எத்தனை பர்சன்ட்?" பெயரைக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்கிறார்கள். என்ன படித்தாய், என்ன தொழில் தெரியும், யாரோடு இருக்கிறாய், எதற்காக வந்தாய் என்று எதையும் கேட்காமலே அதைக் கேட்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தன் பிறந்த நாளை மறந்தாலும் மறப்போம், தன் பர்சன்டை மறக்க மாட்டோம்.

அந்த எண்ணைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இடது கால் சூம்பிப்போனது. என் அம்மா ஒவ்வொரு நாள் சாயங்காலமும் விளக்கேற்றிய பிறகு அந்தக் காலை மடியில் வைத்து நல்லெண்ணெய் தேய்ப்பாள். "நேராகிடும், நேராகிடும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தேய்ப்பாள். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது சான்றிதழுக்காக மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போனாள். முதல் நாள் சாயங்காலம் அவள் எண்ணெய் தேய்க்கவில்லை. முகாமில் வரிசையில் நிற்கும்போது வேண்டிக்கொண்டே இருந்தாள். டாக்டர் கண்ணுக்கு என் கால் கொஞ்சம் அதிகமாகவே கோணலாகத் தெரிய வேண்டும், குறைத்துப் போட்டுவிடக் கூடாது என்பதுதான் அவள் வேண்டுதல். எண் எழுதிய தாளைக் கையில் வாங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, கூடவே போட்டிருக்காரு" என்றாள்.

பத்து வருடம் "நேராகட்டும்" என்று வேண்டிய தாயை, ஒரே ஒரு நாள் "கோணலாகவே தெரியட்டும்" என்று வேண்ட வைத்தது எது? அந்த மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. அவர் பொறுமையானவர், என்னை அன்பாகத்தான் தொட்டுப் பார்த்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட படிவம் என் காலை மட்டும் கேட்டது. என்னைக் கேட்கவில்லை. நான் நடந்து போக வேண்டிய பள்ளிக்கூடம் எத்தனை கிலோமீட்டர், அந்த வழியில் பஸ் உண்டா, வீட்டில் கக்கூஸ் உண்டா என்பதை எழுத அதில் இடமே இல்லை.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது என்பார்கள். மாறியிருக்கிறது, மறுக்க மாட்டேன். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் அங்கீகரித்தது. நாம் போராடிப் பெற்ற 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை அங்கீகரித்தது. அரசு வேலையில் ஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது. காகிதச் சான்றிதழ் போய், நாடு முழுதும் செல்லும் யு.டி.ஐ.டி. என்ற அடையாள அட்டை வந்தது. 2024இல் வந்த விதியின்படி அந்த அட்டைக்கு நிறமும் வந்துவிட்டது. 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம். சட்டம் மாறியது, அட்டை மாறியது, நிறம் மாறியது. கேள்வி மட்டும் மாறவில்லை. எத்தனை பர்சன்ட்?

அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். பட்டறையில் இரும்புத்தூள் தெறித்து ஒரு தொழிலாளிக்கு ஒரு கண் முழுதாகப் போய்விட்டது என்று வையுங்கள். மற்றக் கண் நன்றாக இருக்கிறது. மத்திய அரசு அரசிதழில் வெளியிட்ட வழிகாட்டு அட்டவணைப்படி அவருக்கு 30 சதவீதம். உதவித்தொகைக்கான வாசல் 40இல் இருக்கிறது. அவருக்குக் கிடைப்பது வெள்ளை அட்டை. ஒற்றைக் கண்ணோடு வெல்டிங்குக்குப் பட்டறைக்காரர் கூப்பிடுவாரா? கூப்பிட மாட்டார். ஆனால் அரசின் கணக்கில் அவர் உதவித்தொகைக்குத் தகுதி இல்லாதவர். முதலாளிக்கு அவர் வேலை செய்ய முடியாதவர், அரசுக்கு அவர் வேலை செய்ய முடிந்தவர். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தக் குடும்பத்தின் அடுப்பு அணைந்து கிடக்கிறது.

இன்னொரு கணக்கு. ஒருவருக்குப் பார்வைக் குறை 40 சதவீதம், காது கேளாமை 30 சதவீதம் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் எழுபது என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும். வழிகாட்டு முறையில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பெரிய எண்ணைத் தொண்ணூறிலிருந்து கழித்து, மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி, தொண்ணூறால் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 57 வருகிறது. மொத்தம் நூறைத் தாண்டக் கூடாது என்பதற்காக அந்தச் சூத்திரம். காகிதத்தில் அது சரியாகவே இருக்கலாம். வாழ்க்கையில்? கண் மங்கியவருக்குக் காது வெறும் காதா? அதுதான் அவருக்குப் பாதி கண். பின்னால் வரும் லாரியை அவர் காதால்தான் பார்க்கிறார். அந்தக் காதும் மந்தமானால் அவர் சிரமம் இரண்டு மடங்கா, பத்து மடங்கா? வாழ்க்கையில் ஒன்றை ஒன்று பெருக்குகிற இரண்டு குறைகளை, சூத்திரம் ஒன்றுக்குள் ஒன்றைக் குறுக்குகிறது.

வாசலும் ஒன்றல்ல, தோழர்களே. மாநில அரசின் மாதாந்திர உதவித்தொகைக்கு 40. கடும் உடல் பாதிப்புக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு 75. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80, அதோடு வறுமைக்கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். ஓர் உடம்புக்கு மூன்று வாசல். ஒரு பர்சன்ட் குறைந்தால் ஒரு வாசல் மூடும். அதனால்தான் அம்மாக்கள் வேண்டிக்கொள்கிறார்கள்.

"அளவுகோல் வேண்டாமா? அளக்காமல் கொடுத்தால் போலிகள் புகுந்துவிட மாட்டார்களா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி, அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். பொய்யாகச் சலுகை பெறுபவருக்கு 2016 சட்டத்தின் 91ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ இருக்கிறது. திருடனைப் பிடியுங்கள், நாங்களும் கூட வருகிறோம். எங்கள் தட்டிலிருந்து திருடுபவன் எங்களுக்கு எப்படி உறவாவான்? ஆனால் ஒரு திருடனுக்குப் பயந்து, பட்டினி கிடப்பவர்கள் நூறு பேரைச் சந்தேகத்தோடு வாசலில் நிறுத்தி வைப்பது எந்த ஊர் நியாயம்?

அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதை அளக்க வேண்டும் என்பதில்தான் சண்டை. மனநோய்க்குச் சான்றிதழ் எப்படித் தருகிறார்கள் தெரியுமா? இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு நான்கு விஷயம் பார்க்கிறார்கள். தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடிகிறதா? மனிதர்களோடு பழக முடிகிறதா? பேசிப் புரியவைக்க முடிகிறதா? வேலை செய்ய முடிகிறதா? ஆக, வாழ்க்கையை அளக்கும் முறை இந்த நாட்டிலேயே, இந்தச் சட்டத்தின் கீழேயே இருக்கிறது! மனத்துக்கு இருக்கும் நியாயம் காலுக்கு ஏன் இல்லை? கண்ணுக்கு ஏன் இல்லை?

உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொல்லிவிட்டது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கு. பேச்சுக் குறைபாடு உள்ள ஒரு மாணவர் மருத்துவம் படிக்கக் கேட்டார். அவர் சதவீதத்தைக் காட்டி இடம் இல்லை என்றார்கள். நீதிமன்றம், எண்ணை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்காதே, அவரால் படிக்க முடியுமா என்று மருத்துவக் குழு பார்க்க வேண்டும் என்றது. அதே மாதம் ஓம் ரத்தோட் வழக்கிலும் அதே வழியில் தீர்ப்பு வந்தது. கல்லூரியில் சேர்வதற்கு எண் மட்டும் போதாது என்றால், சோற்றுக்கு மட்டும் எண் எப்படிப் போதும்?

சரி, பர்சன்ட் கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். அதோடு முடிந்ததா? இ-சேவை மையத்தில் மனு ஏற்ற வேண்டும். வி.ஏ.ஓ. பார்க்க வேண்டும், ஆர்.ஐ. பார்க்க வேண்டும், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே இரண்டாவது அளவை ஆரம்பிக்கிறது. இந்த முறை உடம்பை அளக்க மாட்டார்கள், கூரையை அளப்பார்கள். ஓட்டு வீடா, மெத்தை வீடா? அண்ணன் சம்பாதிக்கிறாரா? ஆதரவு இருக்கிறதே, பிறகு எப்படி ஆதரவற்றவர்?

நாற்பது வயது மனிதர் அண்ணன் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறார். அண்ணி தட்டை வைக்கும் சத்தத்திலேயே அவருக்குப் பாதி பசி போய்விடும். அதற்குப் பெயர் ஆதரவா? ஒரு சோப்பு வாங்கவும் அண்ணன் மகனிடம் காசு கேட்டு நிற்பவருக்கு, மாதம் தன் பெயரில் வரும் பணம் வெறும் பணமா? வீட்டில் அவருக்கு ஒரு குரலைத் தருவது அதுதான். குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து ஒரு மாற்றுத்திறனாளிக்குத் தொகையை மறுப்பது, அவர் ஆயுள் முழுக்க இன்னொருவர் கையைப் பார்த்தே இருக்கட்டும் என்று தீர்ப்பு எழுதுவது.

அப்புறம் காத்திருப்பு. "ஆர்டர் வரும்" என்பார்கள். திங்கட்கிழமை தோறும் குறைதீர் கூட்டம். போன மனுவின் ரசீதைக் காட்டி அடுத்த மனு கொடுப்போம். இந்த மண்டபத்தில் ஒரு கேள்வி கேட்கிறேன். காத்திருந்த மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் கிடைத்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. பத்திரிகைத் தம்பிகளும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கையும் உயரவில்லை.

மின்கட்டணம் ஒரு நாள் தாமதித்தால் நமக்கு அபராதம் உண்டு. நம் பணத்தை எத்தனை மாதம் தாமதித்தாலும் அரசுக்கு அபராதம் இல்லை. பசி விண்ணப்பித்த நாளில் இருந்தது. அப்படியானால் பணமும் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்காக வேண்டும்!

பணம் வந்தாலும் கையில் சேர வேண்டுமே? முன்பு போஸ்ட்மேன் மணியார்டரில் வீட்டு வாசலுக்கே கொண்டு வருவார். இப்போது வங்கிக்குப் போ, இல்லாவிட்டால் மெஷினில் விரலை வை என்கிறார்கள். தொழுநோயால் விரல் தேய்ந்த பெரியவர் எந்த விரலை வைப்பார்? ஊன்றுகோலைப் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய கையில் எந்த ரேகை தெரியும்? கண்ணை இமைத்துக் காட்டினால்தான் உயிரோடிருப்பதாக நம்புவேன் என்று சொல்லும் ஆப்பிடம், அமிலம் வீசப்பட்டு இமையே இல்லாமல் போன பெண் என்ன காட்டுவாள்? இதைக் கேட்டுத்தான் பிரக்யா பிரசூன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிமன்றம், டிஜிட்டல் சேவையை அடைவதும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, மாற்று வழிகள் செய்ய ஆணையிட்டது. தீர்ப்பு வந்துவிட்டது. நம் ஊர் மெஷினுக்கு அது வந்து சேர வேண்டும்.

இனி வேலையில்லாதவர்களின் கதை. நம் மாநிலத்தில் படித்து வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு உதவித்தொகைத் திட்டம் 2006இலிருந்து இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அதாவது முழுக் குடும்பத்துக்கும் மாதம் ஆறாயிரம். இதையெல்லாம் தாண்டினால் பத்தாவது தேறியவருக்கு மாதம் 300, பன்னிரண்டாவதுக்கு 400, பட்டதாரிக்கு 600. அதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மூன்று வருடம் வரைதான். பட்டதாரிக்கு ஒரு நாளைக்கு இருபது ரூபாய்! நேர்முகத் தேர்வுக்குப் போக ஒரு பஸ் டிக்கெட்டுக்கு அது காணுமா?

மாற்றுத்திறனாளிகளுக்கு இந்தத் திட்டம் சற்றுக் கருணை காட்டுகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். பதிந்து ஒரு வருடம் போதும், வருமான வரம்பு இல்லை, வயது வரம்பு இல்லை, பத்து வருடம் வரை தருகிறார்கள். மத்தியச் சட்டமே இரண்டு வருடத்துக்கு மேல் பதிந்து காத்திருந்தவர் என்றுதான் சொல்கிறது. தமிழ்நாடு ஒரு வருடத்திலேயே தருகிறது, நன்றி. ஆனால் எவ்வளவு தருகிறது? பத்தாவது வரை 600, பன்னிரண்டாவதுக்கு 750, பட்டதாரிக்கு 1,000.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, கவனியுங்கள். ஒரு மேசையில் போய், "என்னால் முடியாது, எனக்கு ஆதரவில்லை" என்று நிரூபித்தால் ஒரு தொகை. பக்கத்து மேசையில் போய், "என்னால் முடியும், வேலை கொடுங்கள்" என்று பதிந்தால் இன்னொரு தொகை. எங்கள் சங்கத்துத் தங்கை ஒருத்தி பட்டதாரி, பார்வையற்றவள். ஒரு தனியார் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை வந்தது. போகவில்லை. "வேலை மூணு மாசத்துல போயிட்டா, நின்னுபோன உதவித்தொகைய மறுபடி வாங்க மூணு வருஷம் ஆகுமே, அண்ணே" என்றாள். அவள் சோம்பேறியா? அவள் கணக்குத் தெரிந்தவள்! வேலைக்குப் போவதையே ஆபத்தாக்கி வைத்துவிட்டு, "இவர்கள் வேலைக்கு வருவதில்லை" என்று சொல்வது கட்டிப்போட்டுவிட்டு ஓடச் சொல்வது அல்லவா?

கடைசியாக, தொகை. மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் மத்திய அரசு தரும் பங்கு மாதம் 300 ரூபாய். 2012இல் 200லிருந்து 300 ஆனது, அதோடு நின்றுவிட்டது. நாளைக்குப் பத்து ரூபாய், ஒரு டீக்குக் காணாது. அரசு ஊழியர்களுக்கு வருடம் இரண்டு முறை அகவிலைப்படி உயர்கிறது, உயரட்டும், அவர்களும் உழைப்பவர்கள். அவர்கள் வாங்கும் அரிசிதானே நாங்களும் வாங்குகிறோம்? விலைவாசி எங்கள் தெருவுக்கு மட்டும் வராதா?

மாநில அரசு 2022 டிசம்பர் 3 அன்று, நம் நாளான மாற்றுத்திறனாளிகள் தினத்தில், மாத உதவித்தொகை 1,000 ரூபாயை 1,500 ஆக்குவதாக அறிவித்தது. 4,39,315 பேர் பயன்பெறுவார்கள் என்றார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 11,79,963 பேர். அதுவும் எட்டு வகைகளை மட்டும் கேட்டு எடுத்த கணக்கு. மிச்சப்பேர் எந்த வாசலில் நிற்கிறார்கள்? அடுத்து, 2023இல் முதியோர் உதவித்தொகை 1,200 ஆனது. நமக்கு 1,500. 2016 சட்டத்தின் 24ஆவது பிரிவு, மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடு என்கிறது. 1,200இல் 25 சதவீதம் 300. கூட்டினால் 1,500. அச்சுப் பிசகாமல் அதே தொகை! சட்டம் போட்ட தரையை நமக்குக் கூரையாக்கிவிட்டார்கள். பக்கத்தில் தெலங்கானா 2023இல் 4,016 ஆக்கியது. ஆந்திரா 2024 ஜூலையில் 6,000 ஆக்கியது, எழுந்திருக்கவே முடியாதவருக்கு 15,000. எல்லையில் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினால் நம் கால் நான்கு மடங்கு விலை பெறுகிறதா?

அதனால் நம் கோரிக்கைகளை இந்த மேடையிலிருந்து சொல்கிறேன். அளப்பவர்கள் வாழ்க்கையை அளக்கட்டும். மருத்துவரோடு, ஊனத்தோடு வாழ்ந்து பழகிய நம்மில் ஒருவரும் அந்தக் குழுவில் உட்காரட்டும். 2025இல் உள்ளாட்சி மன்றங்களில் நமக்கு நியமன இடம் தரச் சட்டம் நிறைவேற்றிய மாநிலம் இது. மன்றத்தில் இடம் தந்தவர்கள் மதிப்பீட்டு மேசையிலும் ஒரு நாற்காலி தரட்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து பணம் கணக்காகட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும். 59ஆவது பிரிவின்படி சான்றிதழை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை நமக்கு உண்டு, அதை ஒவ்வொரு முகாமின் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும், பார்வையற்றவருக்கு வாயால் சொல்லட்டும். வேலைக்குப் போனால் தொகை உடனே நிற்காமல் படிப்படியாகக் குறையட்டும், வேலை போனால் மறு மாதமே திரும்ப வரட்டும். விலைவாசி ஏறும்போது தொகையும் ஏறட்டும்.

தோழர்களே, கடைசியாக ஒரு வேலை தருகிறேன். உங்கள் எல்லோரிடமும் அடையாள அட்டையின் ஜெராக்ஸ் இருக்கும். எந்த மனுவோடும் அதை வைத்துத்தானே நமக்குப் பழக்கம். அதன் முன்பக்கத்தில் உங்கள் பர்சன்ட் இருக்கிறது. பின்பக்கத்தைத் திருப்புங்கள். காலியாக இருக்கிறது. வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் வாழவும் உழைக்கவும் என்ன வேண்டும் என்பதை எழுதுங்கள். பட்டறையில் கண் போனவர், எனக்கு வேறு தொழில் கற்றுக்கொடு என்று எழுதட்டும். திண்ணையில் கிடப்பவர், எனக்கு ஒரு சக்கர நாற்காலியும் என் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் என்று எழுதட்டும். அந்தத் தங்கை, எனக்குப் பயமில்லாமல் வேலைக்குப் போக ஓர் உத்தரவாதம் என்று எழுதட்டும். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொடுங்கள்.

நானும் எழுதிவிட்டேன். இது என் அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அதே சான்றிதழின் நகல். பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன்: "ஐயா, எந்தத் தாயும் தன் பிள்ளையின் கால் கோணலாகத் தெரிய வேண்டும் என்று வேண்டாதபடி ஒரு முகாம் நடத்துங்கள்."

திங்கட்கிழமை சந்திப்போம்.